பள்ளியில் மின்சாரச் சேமிப்பு: ஓவியப் போட்டியா, மாணவர் குழுவா, சோலாரா?

டிசம்பர் 14 தேசிய எரிசக்திச் சேமிப்பு நாள். அது நெருங்கும்போது பள்ளிகளின் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: மாணவர்களை வைத்து மின்சாரச் சேமிப்புக்கு எதைச் செய்தால் உருப்படியாக இருக்கும்? தலைமையாசிரியர் ஓவியப் போட்டி நடத்தச் சொல்கிறார். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் ஒருவர் கூரையில் சோலார் போட்டுவிடலாம் என்கிறார். முன்னாள் மாணவர் ஒருவர் புது மின்விசிறிகள் வாங்கித் தர முன்வருகிறார். எல்லாம் நல்ல யோசனைகள்தாம். ஆனால் ஒரு கல்வியாண்டில் ஒரு பள்ளியால் இரண்டைக்கூட ஒழுங்காகச் செய்வது கடினம். எதை முதலில் எடுப்பது என்பதற்காகவே இந்த ஒப்பீடு.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், யூனிட் குறைகிறதா என்பது. மீட்டரில் தெரியாத சேமிப்பு சேமிப்பில்லை. இரண்டாவது, மாணவர் அதில் தானே ஏதாவது செய்கிறாரா, அல்லது பெரியவர்கள் செய்வதை வேடிக்கை பார்க்கிறாரா? நோக்கம் கட்டணத்தைக் குறைப்பது மட்டும் என்றால் ஓர் எலக்ட்ரீஷியனே போதும், மாணவர் எதற்கு?

மூன்றாவது அளவுகோலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பொறுப்பாசிரியர் இடமாறுதலில் போன பிறகும் திட்டம் நிற்குமா? எத்தனையோ பள்ளிகளில் மன்றத்தின் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சியிருப்பதற்கு இதுதான் காரணம். நான்காவது செலவு. பணம் மட்டுமல்ல, ஆசிரியரின் நேரமும் செலவுதான். ஐந்தாவது, ஏழைப் பிள்ளையை அது தலைகுனிய வைக்குமா என்பது.

கணக்குப் பார்க்க ஒரு மாதிரிப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். 20 வகுப்பறைகள். ஒவ்வொன்றிலும் 75 வாட் மின்விசிறி நான்கு, சோக்குடன் சேர்த்து 50 வாட் இழுக்கும் பழைய டியூப்லைட் நான்கு. ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், மின்விசிறி நாளுக்கு 6 மணி நேரம், விளக்கு 4 மணி நேரம். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்; அந்தக் கணக்கில் நாளொன்றுக்கு 52 யூனிட், ஆண்டுக்கு 10,400 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 83,200 ரூபாய். உங்கள் பள்ளியின் கட்டண விகிதம் வேறாக இருக்கும். அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். நிலையான கட்டணம் இதில் சேரவில்லை. எவ்வளவு சேமித்தாலும் அது குறையாது என்பதைப் பள்ளி நிர்வாகத்திடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

## 1. போட்டிகளும் விழாக்களும்

இது எளிதானது. 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி உருவான எரிசக்தித் திறன் பணியகம் (பி.இ.இ.) என்ற மத்திய அரசு அமைப்பு பல ஆண்டுகளாகப் பள்ளி மாணவர்களுக்கு ஓவியப் போட்டி நடத்திவருகிறது. குளிர்சாதனப் பெட்டிகளில் நட்சத்திர முத்திரை ஒட்ட வைக்கும் அதே அமைப்புதான். ஓவியத்தோடு உறுதிமொழி, கட்டுரைப் போட்டி, ஊர்வலம் ஆகியவற்றையும் சேர்த்தால் விழா முடிந்தது. 2007இல் சிட்னியில் தொடங்கிய 'பூமி நேரம்' போல ஒரு மணி நேரம் விளக்கணைக்கும் நிகழ்ச்சிகளும் இந்த வகைதான்.

பணச் செலவு மிகக் குறைவு. ஓவியம் வரையும் பிள்ளை இரண்டு நாளாவது அந்தப் பொருளை மனதில் சுமக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மீட்டரில் ஒன்றும் நடக்காது. மழைத்துளி வடிவப் பூமி, அழும் மரம், சிரிக்கும் எல்.இ.டி. பல்பு என்று படங்களும் ஆண்டுதோறும் ஒரே அச்சில் வரும். எல்லோரும் சேர்ந்து நடத்தும் விழாவில் பரிசு பெறுவதோ கைத்திறன் உள்ள நான்கு பேர். ஊர்வலத்துக்கு ஃபிளெக்ஸ் பேனர் அடித்தால் சுற்றுச்சூழல் விழாவின் குப்பையே பிளாஸ்டிக் ஆகிவிடுகிறது.

வேறொரு திட்டத்தின் தொடக்க நாளாகவோ முடிவு அறிவிக்கும் நாளாகவோ வைத்தால் விழா பயன்படும். தனியாக வைத்தால் நிழற்படம் எடுப்பதோடு சரி.

## 2. மாணவர் மின் கண்காணிப்புக் குழு

இதில்தான் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. என் முதல் தேர்வும் இதுதான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வகுப்புக்கு இரண்டு பேர், வாரம் ஒரு முறை மாறுவார்கள். மதிய உணவுக்கும் விளையாட்டு வகுப்புக்கும் ஆய்வகத்துக்கும் போகும்போது அறையை அணைத்துவிட்டுப் போவது அவர்கள் பொறுப்பு. இன்னொரு சிறு குழு காலையும் மாலையும் மீட்டரைப் படித்துப் பலகையில் எழுதும். அவ்வளவுதான் திட்டம்.

ஆளில்லாத அறை ஓடும் நேரத்தை நாளுக்கு ஒரு மணி குறைத்தால் மாதிரிப் பள்ளியில் என்ன ஆகும்? 20 அறைகள், அறைக்கு அரை யூனிட். நாளுக்கு 10 யூனிட், ஆண்டுக்கு 2,000 யூனிட். மொத்தப் பயன்பாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, ரூபாயில் 16,000. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்று கொண்டால் 1.4 டன் தவிர்க்கப்படுகிறது. பொருள் எதுவும் வாங்காமலே இது கிடைக்கும்.

பயன் இதோடு முடிவதில்லை. மாலை 4.30க்குப் பள்ளி பூட்டப்படும்போது ஒரு அளவு, மறுநாள் காலை 9 மணிக்கு ஒரு அளவு எடுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையில் ஆளே இல்லை. ஆனாலும் மீட்டர் நகர்ந்திருக்கும். எங்கே போனது அந்த மின்சாரம்? கழிப்பறை விளக்கா, கணினி ஆய்வகத்தின் யு.பி.எஸ்.ஸா, காவலாளி இரவெல்லாம் எரியவிட்ட வராந்தாவா, தண்ணீர் வழிந்த பிறகும் ஓடிய மோட்டாரா? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள், துப்பறியக் கிளம்பிவிடுவார்கள். மோட்டாரை மட்டும் எடுத்துக்கொண்டால், 3 குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய 2.2 கிலோவாட். தொட்டி நிறைந்த பிறகும் நாள்தோறும் அரை மணி நேரம் ஓடினால் 200 நாளில் 220 யூனிட் வீண். கூடவே தண்ணீரும் வீண்.

இனி மறைவான செலவுகள். ஒரு வளாகத்தில் பல கட்டடங்களுக்குத் தனித்தனி மின் இணைப்புகள் இருப்பதுண்டு. எந்த மீட்டர் எந்தக் கட்டடத்துக்கு என்று பள்ளியில் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போகும். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறிமாறி ஓடும். எதைக் குறித்துக்கொள்வது என்று காட்டித்தர வேண்டும். பெரிய இணைப்புகளில் மீட்டர் காட்டும் எண்ணை ஒரு காரணியால் பெருக்கினால்தான் உண்மையான யூனிட் வரும். இதைக் கவனிக்காமல் பள்ளியின் பயன்பாடு மிகக் குறைவு என்று மகிழ்ந்துவிடக் கூடாது.

அடுத்தது சுவிட்ச் போர்டு. எட்டு சுவிட்ச் வரிசையாக இருக்கும், எது எந்த மின்விசிறிக்கு என்று தெரியாமல் எல்லாவற்றையும் தட்டுவார்கள். எண் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டி, மின்விசிறியிலும் அதே எண்ணை ஒட்டினால் ஜன்னலோர விளக்குகளை மட்டும் அணைக்க முடியும். பத்து ரூபாய் வேலை. உடைந்த போர்டு, தொங்கும் கம்பி இருக்கும் அறையில் பழுது நீக்கும் வரை மாணவர் கை வைக்கக் கூடாது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைச் சுவிட்ச் பக்கமே அனுப்பாதீர்கள். அவர்கள் பலகையில் கோடு வரைந்து வரைபடம் நிரப்பட்டும்.

குழு போலீஸாக மாறிவிடும் அபாயமும் உண்டு. "ஏழாம் வகுப்பு பி பிரிவில் அணைக்கவில்லை" என்று காலை வழிபாட்டில் பெயர் வாசிக்கத் தொடங்கினால், இரண்டாவது வாரமே திட்டத்தை எல்லோரும் வெறுப்பார்கள். ஆசிரியர் அறையில் மின்விசிறி ஓடுவதைப் பார்த்துவிட்ட மாணவர் வாயைத் திறக்க முடியாது என்பது இன்னொரு சங்கடம். அந்த அறையையும் கணக்கில் சேர்ப்பதாகத் தலைமையாசிரியர் முதல் நாளே அறிவித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

சேமித்த பணம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1994இல் தொடங்கிய திட்டத்தில், மாணவர் முயற்சியால் மிச்சமான தொகையில் பாதி பள்ளிக்கே திரும்பக் கிடைத்தது. 'ஐம்பதுக்கு ஐம்பது' என்ற அந்த முறை பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. நம் தனியார் பள்ளிகளில் நிர்வாகம் நினைத்தால் நாளையே இதைச் செய்யலாம்: 16,000இல் 8,000 ரூபாய்க்கு விளையாட்டுப் பொருளோ நூலகப் புத்தகமோ, எதுவென்று மாணவர்களே முடிவு செய்யட்டும். பள்ளியே கட்டணம் கட்டாத இடங்களில் மிச்சமாகும் பணம் பள்ளிக் கைக்கு வராது. அங்கே பலகையில் எழுதும் எண்ணே பரிசு.

## 3. வீட்டு மின் கணக்குச் சவால்

"இரண்டு மாத மின்கட்டண அட்டையைக் கொண்டு வாருங்கள், அதிகம் குறைத்தவருக்குப் பரிசு." கேட்க நன்றாக இருக்கிறது. பள்ளியைவிட வீடுகளில்தான் அதிக மின்சாரம் செலவாகிறது என்ற வாதமும் சரியே. ஐந்நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் வீடுகள் எல்லாம் சேர்ந்தால் பள்ளியின் பயன்பாடு அதற்குமுன் சிறிது.

ஆனால் பரிசு யாருக்குப் போகும்? வீட்டில் இரண்டு ஏ.சி. வைத்திருக்கும் பிள்ளை ஒன்றை அணைத்தால் 200 யூனிட் குறையும். ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, ஒரு தொலைக்காட்சி உள்ள வீட்டில் குறைக்க என்ன இருக்கிறது? தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்குள் அடங்கும் குடும்பத்துக்குக் கட்டணமே வராது. சுற்றுச்சூழலுக்கு மிகக் குறைந்த பாரம் தருபவர் போட்டியில் கடைசி இடம் பெறுவார். வாடகை வீட்டுப் பிள்ளையின் பாடு இன்னும் மோசம். மீட்டர் வீட்டுக்காரர் பெயரில், பல குடும்பங்களுக்கு ஒன்றாக இருக்கலாம். அட்டையைக் கொண்டுவரச் சொன்னால் குடும்ப நிலை வகுப்பறையில் விரிக்கப்படுகிறது.

கணக்கும் ஏமாற்றும். மார்ச், ஏப்ரல் பயன்பாட்டை டிசம்பர், ஜனவரியோடு ஒப்பிட்டால் வெயில்தான் ஜெயிக்கும். சென்ற ஆண்டின் அதே மாதங்களோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். அதற்குள் வீட்டுக்கு ஒரு விருந்தாளியோ ஒரு குழந்தையோ வந்திருக்கலாம்.

பரிசையும் அட்டையையும் எடுத்துவிட்டால் இதே திட்டம் நல்ல பாடமாகும். வீட்டில் உள்ள சாதனங்களின் வாட் அளவை எழுதி, ஓடும் நேரத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். அப்போது பிள்ளைகளுக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் ஓயாமல் சொல்வது கைப்பேசி சார்ஜரைக் கழற்றச் சொல்லித்தான். கைப்பேசியை ஆண்டு முழுவதும் நாளுக்கு ஒரு முறை சார்ஜ் செய்தாலும் ஏறக்குறைய 10 யூனிட்டுக்குள் அடங்கும். 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் ஐந்தே மணி நேரத்தில் அதைத் தின்றுவிடும். எங்கே கவனிக்க வேண்டும் என்பதை எந்த உறுதிமொழியும் இவ்வளவு தெளிவாகக் கற்பிக்காது. ஏழாம் வகுப்புக்கு மேல், கணித ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டு நடத்தினால் சிறப்பு.

## 4. விளக்கும் மின்விசிறியும் மாற்றுவது

இரண்டையும் ஒன்றாகச் சொல்லிப் பழகிவிட்டோம். கணக்குப் போட்டால் இரண்டும் வேறு வேறு.

50 வாட் டியூப்லைட்டுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. போட்டால் மாதிரிப் பள்ளியில் ஆண்டுக்கு 1,920 யூனிட், அதாவது 15,360 ரூபாய் மிச்சம். விளக்கு ஒன்று 250 ரூபாய் என்றால் 80 விளக்குக்கு 20,000. ஒன்றரை ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். தயங்க ஒன்றுமில்லை.

மின்விசிறி அப்படியில்லை. 75 வாட்டிலிருந்து, மின்னணுச் சுற்றால் இயங்கிக் குறைந்த மின்சாரம் இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. வகை மின்விசிறிக்கு மாறினால் ஆண்டுக்கு 4,320 யூனிட், 34,560 ரூபாய் மிச்சம். ஒன்று 3,000 ரூபாய் என்று வைத்தால் செலவு 2,40,000. திரும்பி வர ஏழு ஆண்டு ஆகும். வீட்டில் நாளெல்லாம் ஓடும் மின்விசிறிக்குச் சொல்லப்படும் கணக்கு பள்ளிக்குப் பொருந்தாது. இங்கே ஓடுவது 6 மணி நேரம், 200 நாள். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல மின்விசிறியைக் கழற்றாமல், பழுதாகும் ஒவ்வொன்றுக்கும் பதிலாக மட்டும் பி.எல்.டி.சி. வாங்குவதே புத்திசாலித்தனம். அப்போது கூடுதல் செலவு ஒன்றுக்குச் சுமார் 1,500 ரூபாய்தான்; மூன்றரை ஆண்டில் வந்துவிடும். நன்கொடையாளர் தருகிறார் என்றால் கணக்கே வேறு, வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண மின்விசிறியை உள்ளூரிலேயே ரீவைண்டிங் செய்துவிடுவார்கள், பி.எல்.டி.சி.யில் சர்க்யூட் போர்டு போனால் நிறுவனத்தைத்தான் தேட வேண்டும். பழைய ரெகுலேட்டரோடு அது சேராது, கழற்ற வேண்டியிருக்கும். பிறகு அந்த ரிமோட்! நாற்பது பிள்ளைகள் இருக்கும் அறையில் ரிமோட்டின் ஆயுள் எவ்வளவு என்று ஆசிரியர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சுவரிலிருந்தே வேகம் மாற்றக்கூடிய வகையைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய டியூப்லைட்டுகளில் பாதரசம் இருக்கிறது. மைதானத்து மூலையில் உடைத்துப் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டும்.

மாணவருக்கு இதில் பங்கு குறைவுதான். முன்னும் பின்னும் மீட்டர் படிக்கச் சொன்னால் கொஞ்சம் கூடும். பழக்கம் மாறாமலே யூனிட் குறைவது இதன் பலம். பொறுப்பாசிரியர் மாறினாலும் எல்.இ.டி. மாறாது.

## 5. கூரையில் சோலார்

தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், பத்துச் சதுர மீட்டர் கூரை பிடிக்கும். பள்ளி ஓடுவதும் பகல், சூரியன் காய்வதும் பகல். பொருத்தம் நன்றாகவே இருக்கிறது. கிலோவாட்டுக்குச் சுமார் 50,000 முதல் 60,000 ரூபாய் என்று வைத்தால், மாதிரிப் பள்ளியின் 52 யூனிட்டுக்கு 13 கிலோவாட், குறைந்தது 6.5 லட்சம்.

இப்போது வரிசையை மாற்றிப் பாருங்கள். விளக்கும் மின்விசிறியும் மாற்றிய பிறகு அதே பள்ளிக்கு நாளுக்கு 21 யூனிட்தான் தேவை. ஏறக்குறைய 5 கிலோவாட் போதும், சுமார் 3 லட்சம். விளக்கு, மின்விசிறிச் செலவான 2.6 லட்சத்தையும் கூட்டினாலும் 5.6 லட்சம். முதலில் குறைத்துவிட்டுப் பிறகு சோலாருக்குப் போனவர் பணத்தையும் கூரையையும் மிச்சப்படுத்துகிறார். ஒப்பந்தக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

மின்வெட்டின்போது சோலார் கைகொடுக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மின்கட்டமைப்போடு இணைந்த சாதாரண அமைப்பு, மின்சாரம் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். பேட்டரி வேண்டுமென்றால் செலவு வேறு. மே மாதம் பள்ளி மூடிக்கிடக்கும்போது உற்பத்தியாவது வெளியே போகும். அதற்கு என்ன விலை, என்ன கட்டணம் என்பதை மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2024இல் வந்த பிரதமரின் சூரியகர் திட்ட மானியம் வீடுகளுக்கானது, பள்ளிக்கு வராது. தகட்டின் மின்சாரத்தைப் பயன்பாட்டுக்கு ஏற்ப மாற்றித்தரும் இன்வெர்ட்டரைப் பத்தாண்டு போல் ஒருமுறை மாற்ற நேரிடும். கடலோர ஊரென்றால் தகடுகளைப் பொருத்தும் சட்டகம் புயல் காற்றைத் தாங்குவதாக இருக்க வேண்டும். மைதானத்துப் பந்து வந்து விழும் தூரத்தில் தகடுகளை வைக்காதீர்கள். தகட்டில் நிழல் விழுகிறது என்று வேப்பமரத்தை வெட்டக் கிளம்பும் யோசனையும் வரும். இடத்தை மாற்றுங்கள், மரத்தை விடுங்கள்.

கற்பித்தல் நோக்கில், மொட்டைமாடிக்கு ஏறக்கூடாத மாணவருக்கு அந்தத் தகடு இருந்தும் இல்லாததுதான். அன்றன்று உற்பத்தியான யூனிட் நுழைவாயில் பலகையில் எழுதப்பட்டால் மட்டுமே அது பாடமாகும்.

## ஒரே பார்வையில்

| வழி | யூனிட் குறையுமா | மாணவர் பங்கு | ஆசிரியர் மாறினால் | பணம் | கவனிக்க |
|---|---|---|---|---|---|
| போட்டி, விழா | இல்லை | சிலருக்கு மட்டும் | ஆண்டுச் சடங்காகத் தொடரும் | மிகக் குறைவு | பேனர் குப்பை |
| கண்காணிப்புக் குழு | ஆண்டுக்குச் சுமார் 2,000 | மிக அதிகம் | நின்றுபோகலாம் | ஏறக்குறைய இல்லை | ஆசிரியர் நேரம், பாதுகாப்பு |
| வீட்டுச் சவால் | உறுதியில்லை | அதிகம் | நின்றுபோகும் | இல்லை | ஏழைப் பிள்ளையின் கூச்சம் |
| எல்.இ.டி. | 1,920 | குறைவு | பாதிப்பில்லை | 20,000 | பாதரசக் கழிவு |
| பி.எல்.டி.சி. | 4,320 | குறைவு | பாதிப்பில்லை | 2,40,000 | ரிமோட், பழுது |
| சோலார் | பயன்பாடு குறையாது, வாங்குவது குறையும் | பலகை இருந்தால் மட்டும் | பராமரிப்பு வேண்டும் | லட்சங்களில் | மின்வெட்டில் நிற்கும் |

யூனிட் அளவுகள் தனித்தனியாகச் செய்தால் வருபவை. எல்லாவற்றையும் செய்தால் அப்படியே கூட்டக் கூடாது. குறைந்த வாட் மின்விசிறியை அணைத்தால் மிச்சமாவதும் குறைவு.

மரம் நடுவதை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். நல்ல வேலைதான், மேற்குச் சுவருக்கு நிழல் தரும் மரம் வகுப்பறையைக் குளிர்விக்கும். ஆனால் அதன் பலன் இன்றைய ஆறாம் வகுப்பு மாணவர் பள்ளியை விட்டுப் போன பிறகே வரும். அதைத் தனியாக நடத்துங்கள்.

## எந்தப் பள்ளிக்கு எது?

கையில் பணமில்லாத, ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் இருக்கிற அரசுப் பள்ளிக்குக் கண்காணிப்புக் குழு. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் எட்டாம் வகுப்பினருக்கு மார்ச் மாதத்திலேயே பொறுப்பையும் பதிவேட்டையும் ஒப்படைக்கும் வழக்கத்தைத் தொடங்குங்கள். ஆசிரியர் போனாலும் பிள்ளைகள் தொடர்வார்கள்.

நன்கொடையாளர் கிடைத்த பள்ளி முதலில் எல்.இ.டி. வாங்கட்டும். தொகை மிஞ்சினால் பழுதான மின்விசிறிகள். அதன் பிறகும் மிஞ்சினால் சோலாரைப் பேசலாம். ஏ.சி. வகுப்பறைகள் உள்ள தனியார் பள்ளிக்கு முதல் வேலை வேறு: வெப்பநிலையை 24 டிகிரிக்குக் கீழே இறக்காதிருப்பது. ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்பது பி.இ.இ.யின் மதிப்பீடு. அங்கே மாணவர் குழுவுக்கு மின்விசிறியைவிட ஏ.சி. ரிமோட்தான் முக்கியமான ஆயுதம்.

ஐந்தாம் வகுப்பு வரை மட்டும் உள்ள பள்ளியில் ஓவியமும் பலகையும் போதும். டிசம்பர் விழாவை மட்டுமே நடத்த அனுமதி கிடைத்திருக்கிறது என்றால் அதையும் வீணாக்க வேண்டாம். நவம்பர் கடைசி இரண்டு வாரம் யாரிடமும் எதுவும் சொல்லாமல் காலை, மாலை மீட்டர் அளவை எழுதி வையுங்கள். மழைக்காக விடுமுறை விட்ட நாட்களைத் தனியாகக் குறியுங்கள். டிசம்பர் 14 அன்று மேடையில் உறுதிமொழிக்கு முன் அந்த எண்களை ஒரு மாணவர் வாசிக்கட்டும், குறிப்பாக இரவில் நகர்ந்த யூனிட்டை. அதைக் கேட்ட பிறகு, காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு குழு வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்பது எளிது.